லெச்சுமி அக்காவின் கோழிக்கு ஓர் இரங்கல் உரை

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள் கையில் ஊசியைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். நான் பரிசு வாங்கியவள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. கடைக்கு மேலே வீடு. அந்த வருடம் மழையோடு வெள்ளைக் கழிச்சல் நோயும் வந்து, ஊருக்கு வெளியே ஆங் மோ கியோ பக்கம் கோழிகள் கூண்டு கூண்டாகச் செத்தன. (இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடமெல்லாம் அப்போது கோழிக்கூடும் காய்கறிப் பாத்தியும்தான்.) எங்கள் விரிவுரையாளர் டாக்டர் லிம், சனிக்கிழமைகளில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போவார். இலவசமாகத் தடுப்பூசி போட்டு, கோழி வளர்ப்பு பற்றிச் சொல்லியும் கொடுப்பார். தமிழ் வீடுகளுக்குப் பேச ஆள் வேண்டும் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

முதல் சனிக்கிழமை, ஊசி போடும் முறையை எனக்குக் காட்டிவிட்டு, சீனர் வீடுகளுக்கு ஹொக்கியன் மொழியில் பேச அவர் அடுத்த பாதைக்குப் போய்விட்டார். என் முன்னால் கூடைகளோடு ஒரு கூட்டம். யாரும் முதலில் வரவில்லை. கடைசியில் லெச்சுமி அக்கா தன் சிவப்புக் கோழியோடு வந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் விழுந்து காலொடிந்து படுத்திருந்தார். முட்டை விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“ஊசி போட்டா செத்துடாதுலா, தங்கச்சி?”

“அச்சம் வேண்டாம் அக்கா. அறிவியல் ஒருபோதும் பொய்க்காது!” என்றேன். (அப்படித்தான் பேசுவேன். கடையில் உப்பு கேட்டால்கூட.)

கோழியை மேசையில் மல்லாக்கப் போட்டு, அழுத்திப் பிடித்து ஊசியைக் குத்தினேன். கையை எடுத்தேன். கால்கள் வானத்தைப் பார்க்க, கோழி அசையாமல் கிடந்தது. ஊதிப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். அசைவில்லை.

“போச்சு,” என்றார் யாரோ. கூடைகளை மூடும் சத்தம் கேட்டது. லெச்சுமி அக்கா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கோழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன்.

“அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! இந்தக் கோழி சாகவில்லை. தன் இன்னுயிரை ஈந்து, உங்கள் நெஞ்சங்களில் வாழப் போகிறது. இதன் தியாகம் என்றென்றும்...”

கோழி ஒருமுறை புரண்டது. எழுந்தது. சிறகை உதறிவிட்டு மேசையிலிருந்து குதித்து, மண்ணைக் கிளறத் தொடங்கியது.

“பேசியே எழுப்பிருச்சு பாத்தியா இந்தப் பொண்ணு!” என்று ஒருவர் கத்தினார். அவ்வளவுதான். கூடைகள் திறந்தன, வரிசை நீண்டது. டாக்டர் லிம் திரும்பி வந்தபோது எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “கோழியை மல்லாக்கப் போட்டு அழுத்தினால் பயத்தில் செத்ததுபோல் கிடக்கும், பிறகு தானே எழுந்துவிடும்,” என்றார். அடுத்த வாரம் விளக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த வாரம்வரை யார் காத்திருந்தார்கள்? மறுநாள் காலையிலேயே, விலாசம் விசாரித்து வந்தவர்களின் கூடைகள் கடை வாசலில். உள்ளே செத்த கோழிகள், வாத்துகள், ஒரு வான்கோழி.

“பாப்பாவை வந்து கொஞ்சம் பேசச் சொல்லுங்கலா.”

அப்பா மாடிப்படியில் வந்து நின்றார். “நாம விக்கிறது மல்லியும் மிளகாயும். இவங்க என்னத்துக்கும்மா பொணத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க?”

கீழே இறங்கினேன். ஒரு பெண் துணியில் சுற்றிய வாத்தை என்னிடம் நீட்டினார். “எங்க வீட்டுல மிஞ்சுனது இது ஒண்ணுதான். நேத்துப் பேசுன மாதிரியே பேசு, தங்கச்சி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அலங்காரமில்லாமல் பேசினேன். “செத்தது எழுந்திருக்காது அக்கா. நேத்து அந்தக் கோழி சாகவே இல்ல, பயத்துல கிடந்துச்சு. இந்த ஊசி உசுரோட இருக்கிறதுக்குத்தான்.”

“அப்போ ஊசியும் பொய்யாலா?” என்றார் ஒருவர்.

அப்பா கடையைச் சாத்தினார். ஒரு லாரியை வரவழைத்து, எல்லாரோடும் கம்பத்துக்கு வந்து, செத்தவற்றை ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்க உதவினார். பிறகு என்னோடு வீடுவீடாக ஏறி இறங்கினார். “எம் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனா ஊசி நல்ல ஊசி. அடுத்த சனிக்கிழமை நானே வந்து கோழியைப் பிடிச்சுக்கிறேன்,” என்றார். சொன்னபடி வந்தார். வேட்டியெல்லாம் கோழி எச்சம். பாதிப் பேர் வரவில்லை. லெச்சுமி அக்காவின் கோழிகள் அந்த மழைக்காலத்தைத் தாண்டி முட்டையிட்ட பிறகுதான் மற்றவர்களும் கூடையோடு வந்தார்கள்.

வீட்டில் யாராவது விடிந்தும் தூங்கினால், “அவளைக் கூப்பிடு, நாலு வார்த்தை பேசட்டும்” என்பது வழக்கமாகிவிட்டது. என் பேரப்பிள்ளைகள்வரை சொல்கிறார்கள்.

அப்பா இறந்த அன்று, எடுப்பதற்குமுன் என்னைப் பேசச் சொன்னார்கள். அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றேன். அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “பேசும்மா. உன் பேச்சுக்கு எழுந்தாலும் எழுந்துடுவாரு.”

அழுதவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். பிறகு பேசினேன், எனக்குத் தெரிந்த அத்தனை அலங்காரத்தோடும். முடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அப்பாவின் கால்விரல்களை ஒருமுறை பார்த்தேன்.