லேப்டாப்புக்கு ஓர் ஒப்பாரி

பரீட்சைக் காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தால், அவர்கள் நன்றாக இருப்பதாகத் தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். நாங்களெல்லாம் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்காகச் சிரித்தவர்கள்.

கடைசி வருடம் நானும் என் தோழி தர்ஷினியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய வாரத்தில் என் லேப்டாப் 'டிக்' என்ற சத்தத்தோடு அடங்கிவிட்டது. கடைக்காரர் திறந்து பார்த்து, "ஹார்ட் டிஸ்க் போச்சும்மா. பேக்கப் இருக்கா?" என்றார். (இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.)

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். தர்ஷினிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. லேப்டாப்பை ஹால் நடுவில் கிடத்தி, வெள்ளைத் துண்டு போர்த்தி, ஊதுவத்தி ஏற்றி, முடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"சார்ஜ் ஏத்தி வளத்தேனே, என் ராசா! நாலாவது அத்தியாயத்தையும் கூட்டிட்டுப் போயிட்டியே!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு நானும் பாடினேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. ஓய்ந்துபோய் லேப்டாப்பின் இரு பக்கமும் அப்படியே தரையில் தூங்கிவிட்டோம்.

கீழ்வீட்டு ஆன்டி எங்கள் வீட்டுக்காரம்மா. மாடியேறி வந்து கேட்டிருக்கலாம். எங்கள் ஊரான காப்பாரில் இருந்த என் அப்பாவுக்குத்தான் ஃபோன் போட்டார். "உங்க மக வீட்டுல ஒப்பாரி சத்தம் கேக்குது. யாருன்னு தெரியல. சீக்கிரம் வாங்க!"

அப்பா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். ஆன்டி தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். தலைவிரிகோலமாய் இரண்டு பெண்கள், நடுவில் வெள்ளைத் துணி.

"அய்யோ, ரெண்டு பேருமா!" என்று ஆன்டி அலறினார். நான் எழுந்து உட்கார்ந்ததும் இன்னும் பலமாக அலறினார்.

அப்பா ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. "யாரும்மா இது?"

"லேப்டாப்புப்பா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நேத்து கேட்டப்ப எல்லாம் ஓகேன்னு சொன்னியேம்மா."

"ஓகேதாம்பா" என்று சொல்லும்போதே நான் உடைந்து அழுதேன். இந்த முறை ராகம் எதுவும் வரவில்லை. அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வாசலில் நின்ற ஆன்டி மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த மாலைய என்ன பண்றது?"

"வாங்கியாச்சுலா, போட்டுடுங்க" என்றார் அப்பா. முதலில் சிரித்ததும் அவர்தான்.

விரிவுரையாளர் அவகாசம் கொடுத்தார். தர்ஷினியின் லேப்டாப்பில் மறுபடி எழுதி, ஒருவழியாகத் தேறினேன்.

இப்போது எனக்கு வேலை, கல்யாணம் எல்லாம் ஆகிவிட்டது. போன மாதம் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது அப்பா அழைத்தார். குரலில் அவ்வளவு துக்கம்.

"நம்ம வாஷிங் மெஷின் காலைல போயிடுச்சும்மா. லோரிக்காரன் வாசல்ல நிக்கிறான். நீ வந்து பாடினாத்தான் தூக்கலாம்."