அக்காவின் கோட்டில் நான் வைத்த குழி

மாண்புமிகு கணித இதழாசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். இங்கே அக்காவைத் தவிர அனைவரும் நலம். அங்கே அவளுடைய கட்டுரை நலமா என அறிய ஆவல். வியாழக்கிழமை அதைத் திரும்பக் கேட்டுக் கடிதம் போட்டாளே, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். குற்றவாளி நான்தான். அவள் தங்கை, வயது பதினைந்து, வீட்டில் கூப்பிடுவது வாலு.

நீள்வட்டவகைச் சமன்பாட்டைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுப்பது கொஞ்சம் ஓவர்தான். ஒரு தட்டு, நடுவில் சூடு, ஓரத்தில் குளிர்; இடையில் எங்கே எவ்வளவு சூடு என்று சொல்வதுதான் அது. நடுவும் ஓரமும் எங்கும் உள்வாங்காத வடிவம் என்றால், ஒரே சூடுள்ள இடங்களைச் சேர்த்து வரையும் கோடுகளும் உள்வாங்காது. இதைவிடக் கரடுமுரடான சமன்பாட்டுக்கும் அப்படித்தான் என்று மூன்று வருடம் மல்லுக்கட்டி நிரூபித்து உங்களுக்கு அனுப்பினாள். சும்மா இருந்தாளா? மன நிம்மதிக்காகக் கணினியிலும் போட்டுப் பார்க்கிறேன் என்று ஓரத்துப் புள்ளிகள் இருநூற்று நாற்பதைத் தட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அதில் ஐந்தை நான் லேசாக உள்ளே தள்ளினேன், அவள் முகம் போகும் போக்கைப் பார்க்கத்தான். படத்தில் கோடுகள்தான் வரும், ஓரம் வராது. ஆகவே என் கைவரிசை தெரியாமல், ஓரத்தை ஒட்டிய கடைசிக் கோடு மட்டும் காற்றுப்போன பந்து மாதிரி குழி விழுந்து நின்றது. மூன்று தடவை ஓட்டினாள், மூன்று தடவையும் அதே குழி.

"ஒரு கோடு கொஞ்சம் உள்ள போனா போயிட்டுப் போகுது, விடும்மா" என்றார் அப்பா.

"போகக் கூடாதுப்பா! அதுதான் தேற்றமே!"

நான் சிரிக்க வாயைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். மூடிய வாய்தான், ஒன்பது நாளாகத் திறக்கவில்லை. நாற்பத்தொரு பக்க நிரூபணத்தை வரிவரியாகச் சலிக்கிறாள், அந்த எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீயாவது நல்லா சாப்பிடுடி வாலு" என்று என் தலையைத் தடவுகிறாள். திட்டினால்கூடத் தாங்கிடுவேன் சார், இது தாங்கல. இன்று சொல்லிவிடுவேன். அதுவரை கட்டுரை பத்திரம்.

உங்கள் இதழில் எந்தக் கோடும் உள்வாங்காதிருக்க வாழ்த்தும்,
வாலு

பி.கு.: சொல்லிவிட்டேன். தலையணையால் நாலு சாத்து. எண்களைத் திருத்தி ஓட்டினோம், குழி போச்சு. "குழி உன்னுது, சரி. ஆனா அதைத் தேடப்போய் பதினேழாம் பக்கத்துல நிஜமாவே ஒரு ஓட்டை சிக்கிச்சுடி! அதை அடைச்ச பிறகும் குழி ஏன் விழுதுன்னு புரியலையேன்னுதான் நேத்தெல்லாம் அழுதேன்" என்கிறாள். ஆகவே ஐயா, மேலே சொன்னதெல்லாம் ரத்து. பழைய கட்டுரையை உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். புதியது வருகிறது. அதில் முதல் நன்றி, ‘இடையூறு செய்த தங்கைக்கு’.