பதினேழாம் எண் குடும்பத்துக்கு ஒரு வான்கோழி

மனிதகுலம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கடவுளின் கருணை. மற்றது, அமெரிக்காவின் அலபாமாவில் கல்லூரி மாணவிகள் நாங்கள் நடத்தும் 'சகோதரிகள் சங்கம்'. சங்கத்தின் பெயர் மூன்று கிரேக்க எழுத்துகள். எங்களில் ஒருத்திக்கும் கிரேக்கம் தெரியாது. அது எங்கள் பாரம்பரியம். நான் அதன் செயலாளர்.

தலைவி கென்லி பதவியேற்றபோது நாங்கள் அறுபது பேர். ஒரே வருடத்தில் நூற்றிருபது ஆனோம். இதற்குப் பெயர் 'வளர்ச்சி'. சங்க வீட்டில் இடம் போதவில்லை. "சமையலறையைத் தூக்கிட்டு அங்க போட்டோ சுவர் வெச்சிடலாம்" என்றாள் கென்லி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பதினொரு வருடம் அங்கே சமைத்த மிஸ் வில்மாவை 'எதிர்கால வாய்ப்புகளுக்காக விடுவித்தோம்'. எங்கள் எழுத்துகள் பொறித்த துண்டு ஒன்றும் பரிசளித்தோம். அவர் அழுதார். நன்றிப் பெருக்கு என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

வளர்ச்சி முடிந்தது, சேவை பாக்கி. 'ஆண்டின் சிறந்த கிளை' கேடயம் வேண்டுமானால், நன்றி தெரிவிக்கும் நாளான 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகையன்று ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீட்டிலேயே தயாரித்த வான்கோழி வழங்க வேண்டும். அவசரக் கூட்டம் கூடியது.

"ஏழைக்கு எங்கடி போறது?" என்றாள் பொருளாளர் பிரிஸ்டல்.

"சர்ச்ல லிஸ்ட் இருக்கு. பேர் சொல்ல மாட்டாங்க, நம்பர்தான் தருவாங்க" என்றேன்.

"போட்டோவுக்கு எடுப்பா இருக்கற நம்பரா கேளுடி" என்றாள் கென்லி.

பதினேழு கிடைத்தது. ஒன்பது பேர் கொண்ட 'வான்கோழித் துணைக்குழு', எங்கள் சங்கத்தின் ஆலோசகர் அம்மையார் வீட்டில் அடுப்பை இரவல் வாங்கிச் சமைத்தது.

நாற்பது பேர் அந்தக் குடும்பத்தின் வாசலில் வரிசையாக நின்று, கைதட்டி, சங்கப் பாட்டைப் பாடினோம். கதவு திறந்தது. தோளில் எங்கள் எழுத்துகள் பொறித்த துண்டு. மிஸ் வில்மா.

"சிரிங்கடி, வீடியோ ஓடுது" என்று பல்லைக் கடித்தாள் கென்லி.

மிஸ் வில்மா தட்டை வாங்கி முகர்ந்தார். வான்கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டு, கருகிய காகிதப் பை ஒன்றை இழுத்தார்.

"அடக் கண்ணுங்களா! ஈரலும் கழுத்தும் போட்டுக் கடையில உள்ள வெச்சுத் தர்ற பையை எடுக்காமலேயே வேக வெச்சிட்டீங்களே! உள்ள என்ன இருக்குன்னு யாருமே பாக்கலையா?"

"நல்லவேளை, உங்களுக்குக் கிடைச்சுது மிஸ் வில்மா. வேற யாராவதா இருந்தா மானம் போயிருக்கும்" என்றாள் கென்லி, மனம் உருகி.

மிஸ் வில்மா குரலைத் தாழ்த்தினார். "வாரத்துல ரெண்டு நாளாவது வந்து சமைச்சுத் தரட்டுமா? உங்களுக்கும் ஆள் இல்ல போலிருக்கே."

"ஐயோ, அடுப்பு இருந்த இடத்துலதான் இந்தப் போட்டோவை மாட்டப் போறோம்!" என்றாள் கென்லி.

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மட்டும் ஏனோ அந்தக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கேடயம் எங்களுக்கே கிடைத்தது. நடுவர்கள் விதியைத் துருவித் துருவிப் பார்த்தார்களாம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வான்கோழியை இரவல் அடுப்பில்தான் செய்தோம். ஆனால் அந்த ஏழையை, முழுக்க முழுக்க எங்கள் வீட்டிலேயே தயாரித்தோம்.