ஒளிக்க ஒன்றுமில்லாத லூக்காஸ்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. அதற்குப் பெயர் 'ஒளிக்க ஒன்றுமில்லாதவர்'. அடையாளம் காண்பது சுலபம்: போனில் பூட்டு இருக்காது, வாயிலும் இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் நாமெல்லாம் போனைத் திருப்பிக்கொள்வோம். இவரோ அந்த ஆளுக்கு வசதியாகச் சாய்த்துப் பிடிப்பார், குரல் பதிவு வந்தால் காதில் வைக்காமல் நடு பஸ்ஸில் ஓடவிடுவார், டிரைவர் சிரித்தால் இன்னொரு தடவையும் போடுவார். "தப்புப் பண்ணாதவனுக்கு எதுக்குங்க லொக்கு?" என்பது இவருடைய வேதவாக்கு. அப்படியானால் கக்கூஸ் கதவுக்கு எதற்கு இரண்டு தாழ்ப்பாள்? அதை மட்டும் கேட்காதீர்கள், கோபித்துக்கொள்வார்.

இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்து லூக்காஸ் இந்த இனத்தின் அசல் வித்து. அவரும் மனைவி றோசாலியும் பாவிப்பது ஒரே போன். புருஷன் பெண்டாட்டிக்குள் இரண்டு போன் இருந்தாலே ஏதோ கோளாறு என்பது அவர் கட்சி.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பரா ஜீவராணியுடையது. அவள் மகன் நிஷாந்த், பல வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கும் தோட்டத்துப் பாதையில் வாழைக்கன்று நட்டு, அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து வீடியோ எடுத்துப் போட்டான். பாதைக்குத் தார் வரவில்லை. ஜீப் வந்தது.

அவனை மீட்டு வரப் பொலிஸுக்குப் போனவர் நம்முடைய லூக்காஸ். அங்கே சார்ஜன்ட் சிங்களத்தில், வீடியோவுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம், போனைத் திற என்கிறார். "கோர்ட் ஓடர் இருந்தா காட்டுங்க சேர், தொறக்கிறேன்" என்கிறான் நிஷாந்த். லூக்காஸுக்கு மானமே போய்விட்டது.

"மறைக்கிறதாலதான்டா சந்தேகப்படுறாங்க! இந்தாங்க சேர், என் போன பாருங்க. எத வேணும்னாலும் பாருங்க. இவனும் பாத்துக் கத்துக்கட்டும்."

மேசை மேல் வைத்தே விட்டார். யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் வலிய வந்ததைத் தள்ளுவானேன் என்று கான்ஸ்டபிள் ஒரு குரல் பதிவைத் தட்டினார். வத்தளையில் இருக்கும் மச்சான் கெவின் பேசினான்.

"மச்சான், போன வாரம் அனுப்புன தூளு பிரமாதம்! வாசத்துலயே ஆளு எந்திரிச்சிருறான். இன்னும் ரெண்டு கிலோ பஸ்ல குடுத்து விடு. யாருகிட்டயும் மூச்சு விடாத."

அந்தக் கான்ஸ்டபிளுக்கு அரைத் தமிழ்தான் தெரியும். தூளுக்குச் சிங்களத்தில் 'குடு'. ஹெரோயினுக்கும் அங்கே அதே பேர்தான். அவர் மொழிபெயர்த்த வேகத்தில் சார்ஜன்ட் எழுந்தார், ஒருவர் ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினார், முறைப்பாடு கொடுக்க வந்திருந்த ஒரு மனிதர் முறைப்பாடே வேண்டாமென்று வெளியேறப் பார்த்தார்.

"ரெண்டு கிலோவா!"

"தேயிலைத் தூள் சேர், தேயிலைத் தூள்! டீ!"

"டீக்கு ஏன் ரகசியம்?"

"தெரிஞ்சா மத்த மச்சானுங்களும் கேப்பானுங்க சேர்!"

உலகத்தில் இதைவிட நேர்மையான வாக்குமூலம் உண்டா? சார்ஜன்ட் நம்பவில்லை. லூக்காஸ் அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இந்த இனம் நிறுத்தாது. "நம்பலைன்னா மத்ததையும் கேளுங்க சேர், எல்லாம் இப்புடித்தான் இருக்கும்" என்றார். கான்ஸ்டபிள் அடுத்ததைத் தட்டினார். அது றோசாலிக்கு வந்தது. இன்னும் யாரும் கேட்காதது. ஜீவராணியின் குரல்.

"றோசாலி, பதுள ஆஸ்பத்திரியில ரிப்போட்டு குடுத்துட்டாங்க. மாருல இருக்கது புத்துநோய்க் கட்டிதானாம். நிஷாந்துக்குத் தெரிஞ்சிறக் கூடாது. பரீட்சைய எழுதி முடிக்கட்டும், பெறகு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அண்ணன்கிட்டயும் சொல்லிறாத, அவரு வாயில எதுவும் தங்காது."

இந்தத் தடவை கான்ஸ்டபிள் மொழிபெயர்க்கவில்லை. அரைத் தமிழே போதுமாக இருந்தது. நிஷாந்த் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், அழுவதற்குக்கூட அங்கே மறைவான ஓர் இடம் இல்லை. கான்ஸ்டபிள் சார்ஜன்ட்டின் காதில் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் போனை லூக்காஸ் பக்கம் தள்ளினார்.

"ஐயா, இதுக்கு ஒரு லொக் போடுங்க."

பிறகு தூளைப் பற்றியும் பேச்சில்லை, நிஷாந்தின் போனையும் யாரும் கேட்கவில்லை. ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு இருவரையும் அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் லூக்காஸுக்கு வாய் வந்தது.

"தம்பி, சத்தியமா எனக்குத் தெரியாதுடா. எங்கிட்ட மறைக்க ஒன்னும் இல்லன்னுதான்..."

"உங்களுக்கு ஒன்னும் இல்லதான் மாமா. எங்கம்மாவுக்கு இருந்துச்சு."

லூக்காஸைப் பார்த்துச் சிரித்தீர்களா? நல்லது. உங்கள் போனுக்குப் பூட்டு உண்டா? அதுவும் நல்லதுதான். ஆனால் போன வாரம், யாரோ உங்களை நம்பி அனுப்பியதை "இங்க பாரேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினீர்களே, அப்போது எந்தப் பொலிஸ்காரர் வந்து கேட்டார்?