முதல் பக்கத்தில் வந்த வேலை

முதல் பக்கக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. கவனித்திருக்கிறீர்களா? கைபேசியில் 'வேலை' என்று தட்டியதும் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கிற விளம்பரம் தானாக வந்து நிற்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இரண்டு நாள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது என்ன வேலை என்பது அவருக்குக் கவலையில்லை. அதற்கு யார் வரப்போகிறார்கள் என்பதும் கவலையில்லை. தேடுகிறவர்கள் கண்ணில் தன் விளம்பரம் எத்தனையாவதாகப் படுகிறது, அது ஒன்றுதான் கவலை. இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் ஹட்டனில் இருக்கிறார். பெயர் ஜீவராஜ். ஹார்ட்வெயார் கடை மேல்மாடியில் ஒரு கணினி, சுழலும் நாற்காலி ஒன்று, சுழலாத நாற்காலி ஒன்று. கடைக்காரர்களுக்கும் கம்பனிகளுக்கும் வேலை விளம்பரம் எழுதி இணையத்தில் போட்டுக் கொடுப்பது தொழில். "மக்கள் என்ன தேடுறாங்களோ அதைத்தாங்க நாம எழுதணும்" என்று நாளுக்குப் பத்து முறை சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் மக்கள் பிழையாகவும் தட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து 'வேலைவாய்ப்பு' என்று ஒருமுறை, இடம் விட்டு 'வேலை வாய்ப்பு' என்று ஒருமுறை, பிழையோடு 'வேலவாய்ப்பு' என்று ஒருமுறை, ஒரே விளம்பரத்தில் மூன்றையும் எழுதத் தொடங்கினார். ஹோட்டலுக்கு ரொட்டி போட ஆள் கேட்டால் 'உணவுத் தயாரிப்பு நிபுணர்'. இரவுக் காவலுக்கு ஆள் கேட்டால் 'சொத்துப் பாதுகாப்பு முகாமையாளர்'. பூசகர் தேடி வந்த கோயில் தலைவரிடம் 'ஆன்மிக சேவை இணைப்பாளர்' என்று போடலாமா என்றார். தலைவர் குனிந்து செருப்பைத் தேடினார், போட்டுக்கொண்டு போவதற்காகத்தான். சொந்த மகளுக்குப் பெயர் வைக்கும்போதுகூட அந்தப் பெயரை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாராம். மனைவி இன்னும் அதை மன்னிக்கவில்லை.

போன வருடம், மழை விட்டுக் கொழுந்து மளமளவென்று வரத் தொடங்கிய நேரம், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் நிர்வாகியான துரை இவரைத் தேடி வந்தார். இளசுகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மலையில் இலை முற்றிக்கொண்டிருந்தது.

"பத்துப் பேர் வேணும். கொழுந்து எடுக்க," என்றார் துரை. அவருக்குத் தமிழ் அளவாகத்தான் வரும். வருவதெல்லாம் தேவையான சொல்லாக வரும்.

"எழுதிருவோம் சார். ஆனா 'கொழுந்து எடுக்க ஆள் தேவை'ன்னு மட்டும் எழுதக் கூடாது."

"ஏன்?"

"மாசத்துக்குப் பதினாலு பேர்தான் சார் அப்படித் தேடுறாங்க. அது செத்த சொல்லு."

துரை விழித்தார். ஜீவராஜ் கணினித் திரையைத் திருப்பி, நீலக் கோடு ஒன்று மேலே ஏறுவதைக் காட்டினார். எதன் கோடு என்று துரைக்கு விளங்கவில்லை. ஆனால் ஏறுகிற கோட்டை மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? சரி என்றார்.

விளம்பரம் இப்படி வந்தது: "நுவரெலியா, ஹட்டன், ராகலை, கண்டி, கொழும்பு வேலைவாய்ப்பு! வேலை வாய்ப்பு! வேலவாய்ப்பு! முன்னணி ஏற்றுமதிக் கம்பனிக்குப் பசுமை அறுவடை நிறைவேற்று அதிகாரிகள் உடனடியாகத் தேவை. அரச வேலை தேடுவோரும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு வேலை தேடுவோரும் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே வேலை தேடுவோரும் விண்ணப்பிக்கலாம். இயற்கையான சூழல்."

இதில் எதைப் பொய் என்பீர்கள்? விண்ணப்பிக்க யாருக்குத்தான் தடை? தேயிலை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. தோட்டத்தின் பெயரும் இல்லை. இரண்டே நாளில் முதல் பக்கம், முதல் இடம். ஜீவராஜ் அன்று பிளேன்டீயை விட்டுவிட்டுப் பால் டீ குடித்தார்.

நுவரெலியாவில் சரிபுதீன் முதலாளியின் துணிக்கடையில் மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தவள் நிஷாந்தி. வேலை செய்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி. அந்தக் கடையில் உட்கார இடமில்லை. பள்ளியில் உயர்தரம் வரை படித்தவள். தன் கைபேசியில் அந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தாள். மறுநாளே பதில் வந்தது: "தாங்கள் தெரிவுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளீர்கள்." தெரிவு செய்யப்படாதவர் ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

முதலாளியிடம் போய், வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

"நல்லா யோசிச்சீங்களா புள்ள? என்ன வேலையாம்?"

"நிறைவேற்று அதிகாரி முதலாளி."

"அது பேரு. வேலை என்னாண்டு கேக்குறேன்."

"அங்க போனதும் சொல்லுவாங்க முதலாளி."

ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தன் தாய் ராக்காயிக்கும் போன் பண்ணிச் சொன்னாள். அன்று மாலைக்குள் மகள் அதிகாரியாகிவிட்ட செய்தி, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பரவியது. ராக்காயி கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

புதன்கிழமை காலை, நேர்முகத் தேர்வு நடக்கும் இடத்தின் வரைபடம் கைபேசிக்கு வந்தது. நிஷாந்தி அது காட்டிய வழியில் பஸ் ஏறினாள். பஸ் ராகலை ரோட்டில் போனது. அவளுக்குப் பழகிய வளைவுகள் வந்தன. அவள் பிறந்ததிலிருந்து இறங்குகிற இடத்திலேயே வரைபடம் இறங்கச் சொன்னது. படித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தாய் தேங்காய் உடைத்த கோயிலைத் தாண்டி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றது. போன் பழுது என்று நினைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதே இடம்.

களத்தில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். டை கட்டியவர்கள், குதியுயர்ந்த செருப்போடு சேற்றில் புதைந்தவர்கள், பட்டிப்பொலையிலிருந்து விடியற்காலையே ரயில் ஏறியவர் ஒருவர், எல்லோர் கையிலும் ஒரு கோப்பு. எதிர்ப் பக்கத்தில் கூடை மாட்டிய பெண்கள். அவர்களில் ராக்காயி.

"நீ எங்கடி இங்க? இன்னைக்கு இன்டர்வியூன்னியே?"

"இங்கதாம்மா இன்டர்வியூ."

ராக்காயி மகள் கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த பத்துப் புதுக் கூடைகளைப் பார்த்தாள். விஷயம் விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்திலிருந்த பெண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யாராவது சிரித்திருந்தால்கூட நிஷாந்திக்குத் தாங்கியிருக்கும்.

"கொழுந்து எடுக்கத் தெரிஞ்ச ஆள் கை தூக்குங்க," என்றார் துரை.

கூடை மாட்டிய பெண்கள் மட்டும் தூக்கினார்கள்.

ஜீவராஜ் தன் இணையப் பக்கத்தில் போடுவதற்காகக் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "அறுபத்திரண்டு பேர் சார்! நாலாயிரம் பேர் பாத்திருக்காங்க!"

நிஷாந்தி நேரே அவரிடம் போனாள். "இத எழுதினது நீங்களாண்ணே?"

"ஆமாம்மா. முதல் பக்கத்துலதானே பாத்தீங்க?"

"கொழுந்து எடுக்கிற வேலைன்னு ஏன் எழுதல?"

"எழுதினா யாரும்மா தேடுவா? மாசத்துக்கே பதினாலு பேர்தான்."

"துரைக்கு எத்தனை பேர் வேணும்?"

"பத்து."

"பதினாலு பத்தைவிடக் கூடத்தானேண்ணே?"

ஜீவராஜ் படம் எடுப்பதை நிறுத்தினார்.

"கடைய விட்டுட்டு வந்திருக்கேன். எங்கம்மா லயம் பூரா சொல்லி வச்சிருக்கு. அது இந்த வேலையத்தான் முப்பது வருசமா செய்யுது. அதுக்கு ஒரு பேரு இருக்கு. அத எழுத உங்களுக்கு என்ன வெக்கம்?" குரல் உடையாமல் அவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் அவள் கண் கலங்கியது.

துரை தன் பேனாவை அவளிடம் நீட்டினார். "நீங்க எழுதுங்க."

அவள் தன் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்: "ராகலைக்குக் கிட்ட உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பத்துப் பேர் தேவை. தெரியாதவர்களுக்குப் பழக்கித் தருவோம். தங்க லயத்தில் இடம் உண்டு."

"அட்டை கடிக்கும்னும் போடு," என்றாள் ராக்காயி. "பொறவு வந்து நம்மளத்தான் ஏசுவாங்க."

அதையும் போட்டாள். இணையத்திலும் வந்தது, ராகலை பஸ் நிலையத்துச் சுவரிலும் ஒட்டினார்கள். ஒரு வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் கடைசி வரியைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும்.

நிஷாந்தி துணிக்கடைக்குத் திரும்பிப் போனபோது அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். "வாசல்ல ஒரு மட்டைய எழுதித் தொங்கவிட்டேன் புள்ள, ஒரு மணித்தியாலத்துல ஆள் வந்திட்டு," என்றார் முதலாளி, வருத்தமாகத்தான். ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தாள். லயத்தில் சிலர் அவளை அதிகாரியம்மா என்று கூப்பிட்டார்கள். ராக்காயி அவர்களோடு பேச்சை நிறுத்தினாள். பிறகு முதலாளியே போன் பண்ணினார். அவர் மருமகன் பாஹிம் ஹட்டனில் கடை திறக்கிறானாம்.

"என்ன வேலை முதலாளி?"

"அதே வேலதான் புள்ள. துணிய எடுத்துக் காட்டணும், மடிக்கணும், திருப்பியும் காட்டணும். ஆனா உக்கார ஸ்டூல் ஒண்டு போடச் சொல்லியிருக்கேன்."

போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

ஜீவராஜ் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? தோட்டத்துக்கு ஆட்கள் சேர்ந்த மறுநாளே தன் இணையப் பக்கத்தில் 'வெற்றிக் கதை' என்று தலைப்பிட்டு, ஒரே வாரத்தில் ஒன்பது பேரைச் சேர்த்த விளம்பரம் என்று நிஷாந்தி எழுதியதையே எடுத்துப் போட்டார். அட்டை வரியை மட்டும் வெட்டிவிட்டார். இப்போது சனிக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறாராம்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. இனி, உங்கள் மகனுக்குப் பெண் தேடிப் போன மாதம் நீங்கள் கொடுத்த விளம்பரத்தைக் கொஞ்சம் எடுத்து வாசியுங்கள். 'தனியார் துறையில் பொறுப்பான பதவி, சாந்த குணம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.' அழகாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கும் பிள்ளை பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறானே, அது அதில் எந்தச் சொல்லுக்குள் அடங்கும்? வருகிற ஞாயிறு பெண் வீட்டார் வருகிறார்களாமே. எழுப்பியாவது விடுங்கள்.