மூன்றடி வாசலும் நாலடித் தேக்சாவும்

கட்டடக் கலை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை, ராயபுரம் பழைய பட்டாளச் சமையற்கூடத்தில் இருந்தவர்கள்: காஜா மொய்தீனாகிய நான், என் மனைவி அஜீசுன்னிசா, என் தம்பி மகன் மஹீன், அவனுடைய தோஸ்துகள் மூவர், மரபுக் கட்டட மீட்புக் குழுத் தலைவர் எத்திராஜ், ஒப்பந்தக்காரர் ரெஜி. எல்லோருக்கும் மூத்தவராக, உள்ளே பிரியாணி அண்டாவான எங்கள் தேக்சா.

என் பாட்டனாரின் தகப்பனார் அங்கே பட்டாளத்துக்குச் சமைத்தவர். தேக்சா நுழைவதற்காக வாசலை உடைத்து ஐந்தடியாக்கியவர். பட்டாளம் போனது, சாவியும் தேக்சாவும் எங்களிடம் தங்கின. நாலு தலைமுறையாக எங்கள் வீட்டு நிக்காஹ் எதிலும் வாடகைத் தேக்சா அடுப்பேறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஹஃப்சாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாரிடம் தேக்சாவைப் பற்றி மூன்று முறை சொல்லியிருந்தேன்.

குழுவினர் எட்டு மாதம் கூடத்தைப் பூட்டி வைத்துப் பாடுபட்டு, அதை "அசல் நிலைக்கு" மீட்டிருந்தார்கள். வாசல் மீண்டும் மூன்றடி. தேக்சா எந்தப் பக்கம் அளந்தாலும் நாலடி.

"இன்னா சார், தேக்சா உள்ள கீது. எப்டி வெளிய வரும்?" என்றான் மஹீன்.

எத்திராஜ் வரைபடத்தை விரித்தார். "இதுல வாசல் மூணடிதான் தம்பி."

"அப்ப தேக்சா?"

"வரைபடத்துல தேக்சாவே இல்ல."

இத்தனை தெளிவான பதிலை நான் எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை.

"செரி, உள்ளயே ஆக்கிக்கிறோம்."

"சமையல்கட்டுல அடுப்பு மூட்டக் கூடாது. சுவர் கறுத்துடும்."

"மேல நாலு பொகக்கூண்டு கீதே, அது எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

அஜீசுன்னிசா முக்காட்டைச் சரிசெய்தாள். "ஏம்ப்பா, அப்ப நிக்காஹ்வயும் வெள்ளக்காரன் காலத்துலயே வெச்சிக்கணுமா?"

அவள் கேள்வி "பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது."

ரெஜி புதுச் சுவரைத் தடவிக் காட்டினார். தட்டிக் காட்டவில்லை. "சுண்ணாம்பு, கடுக்கா, வெல்லம். நாப்பது நாள் அரைச்சது பெரியவரே! யானை முட்டினாலும் நிக்கும்."

அளந்து பார்ப்பதற்கு மட்டும் எத்திராஜ் பெருந்தன்மையோடு அனுமதி வழங்கினார். நான் உத்தரவிட்டேன். நாலு பேரும் தேக்சாவை விளிம்பில் நிறுத்தி வாசல்வரை உருட்டி வந்தார்கள்.

"மெதுவா மாமு, மெதுவா!" என்றான் மஹீன் தோஸ்துகளிடம். மெதுவாகத்தான் வந்தது.

ஞாயிறன்று எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். எத்திராஜ் இரண்டு பந்தியில்.

இப்போது கொருக்குப்பேட்டை வரை ஒரு வதந்தி: காஜா மொய்தீன் குடும்பம் கடப்பாரையால் பாரம்பரியச் சுவரை இடித்ததாம். பொய். எங்கள் பரம்பரையில் கடப்பாரை எடுத்தவர் ஒருவரே. அவர் உடைத்தது அசல் சுவர். அதற்கு அவருக்கு மூன்று நாள் ஆனது. ரெஜியின் சுவர்மீது எங்கள் தேக்சா சற்றே சாய்ந்தது, அவ்வளவுதான். தேக்சாவில் ஒரு கீறல் இல்லை. இடிபாடு இன்றும் வாசலிலேயே கிடக்கிறது. வெல்லம் சேர்த்த சுவராம். இதுவரை ஓர் எறும்புகூட வந்து பார்க்கவில்லை.