டைப்ரைட்டருக்கு வந்த கண்டம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காற்று என் பேச்சைப் பாதியிலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது நம்ம நாட்டுச் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த சமயம். காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு ரப்பர் கம்பெனி. அதன் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம், கையில் சிவப்புச் சாக்பீஸோடு ஒரு டைப்ரைட்டர் முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

சுதந்திரம் வருமுன் ஆபீஸ் சுத்தமாக வேண்டும் என்பது மானேஜர் தம்பிராஜாவின் உத்தரவு. ஓடுகிற மெஷினுக்கு நீலக் கோடு. பழுது பார்க்க வேண்டியதற்கு மஞ்சள். இனி உதவாது என்றால் சிவப்பு. ஆபீஸ் பேச்சில் அதற்குப் பெயர் 'கண்டம்'. கண்டமான சாமானை ஆபீஸ் ஆட்கள் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

கிராணியாரின் மகள் கோகிலா, பிஸ்கட் தகர மூடியில் எழுத்துகளை எழுதி வைத்து டைப்பிங் பழகிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தூக்கில் சோறு கொண்டுவந்தால், அவர் கை கழுவுகிற வரைக்கும் அவள் விரல்கள் மேஜையில் ஓடும். மானேஜர் கண்ணாடிக்கு மேலே அந்த விரல்களைப் பார்ப்பார். வீட்டில் நிஜ மெஷின் ஒன்று இருந்தால் பெண் நன்றாகப் பழகி ஒரு வேலைக்குப் போய்விடுவாளே!

சரக்கென்று சிவப்புக் கோடு போட்டார் கிராணியார்.

மானேஜர் வந்து 'மெர்டேக்கா' என்று அடித்துப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

"என்ன காணும் கிராணியார், இதுக்கோ கண்டம்?" சிவப்பை அழித்து நீலம் போட்டார்.

மறுநாள் கிராணியார் ரிப்பனைக் கழற்றி ஒளித்தார். மானேஜர் புது ரிப்பன் வாங்கி மாட்டினார். கிராணியார் இங்கிலீஷ் 'ஈ' எழுத்தின் கம்பியை வளைத்தார். மெர்டேக்கா பொக்கை வாயாயிற்று. மானேஜர் மஞ்சள் கோடு போட்டு, டவுனிலிருந்து சீன ரிப்பேர்காரர் ஆ லெக்கைக் கூட்டிவந்தார். அவர் கம்பியை நிமிர்த்தி, எண்ணெய் விட்டு, துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போனார்.

கெடுக்கக் கெடுக்க மெஷின் புதுசாகிக்கொண்டே வந்தது!

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கிராணியார் முனகினார். "சீக்கிரம் கண்டம் வந்துட்டா நிம்மதி."

மனைவி அன்னபூரணியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "ஐயோ! யாருக்குங்க கண்டம்? ஜோசியக்காரன் ஏதும் சொன்னானா?"

"வயசாயிருச்சில்ல, போய்ச் சேர வேண்டியதுதானே" என்றார் கிராணியார், மெஷின் நினைப்பிலேயே.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் மெஷினின் முக்கியமான ஸ்பிரிங்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேரே ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனார். கண்ணை மூடி உருகினார்.

"பிள்ளையாரப்பா, எப்படியாச்சும் கண்டம் வரணும்!"

பக்கத்தில் ஒரு குரல் அழுதது. "பிள்ளையாரப்பா, என் வீட்டுக்காரருக்குக் கண்டம் விலகணும்!"

இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையார் யார் பக்கம் நிற்பார், பாவம்!

"உங்களுக்கு மூளை கெட்டு ரோசாக் ஆயிருச்சா? கண்டம் வரணும்னு யாராச்சும் கும்பிடுவாங்களா?"

"எனக்கில்ல அன்னம், டைப்ரைட்டருக்கு!" என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

அன்னபூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! உடைச்சு உடைச்சு வாங்குறதுக்கு, வாயத் தெறந்து ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்? போங்க, நேரா கேளுங்க."

கேட்டுவிடுவது என்று கிராணியார் ஆபீஸுக்குத் திரும்பினார். உள்ளே மானேஜர் மெஷின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தேநீர் போடும் சுப்பையன் ஓடிவந்து கிராணியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப உள்ள போகாதீங்கண்ணே, மனுஷன் கொதிச்சுப்போய் இருக்காரு. மெஷின் சரியானதும் உங்க கோகிலாவ அதுல வேலைக்கு உட்கார வைக்கணும்னு, அவ மேஜையில விரல் ஓட்டுறதப் பார்த்த நாள்லேருந்து காத்துக்கிட்டு இருக்காரு. எந்தப் பாவியோ தினம் ஒண்ண ரோசாக் பண்ணிடுறான்!"

கிராணியாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

உங்கள் வீட்டில் ஓடுகிறதெல்லாம் நீலக் கோட்டோடு ஓடட்டும், கண்ணுகளா. பிள்ளைகள் விரல் வைத்த இடமெல்லாம் வேலையாக மலரட்டும். கண்டம் உங்கள் வாசலை மிதிக்காமல் போகட்டும்.